மணப்பெண் எந்த மொழியில் சம்மதிப்பாள்?

நேதா செய்த பிழையை வேறு ஊர்க்காரி ஒருத்தி செய்திருக்கவே முடியாது. இத்தாலியின் எல்லையோர ஊரான கொரீத்சியாவில் பிறந்தவர்கள் காபியை இத்தாலிய மொழியில் கேட்டுக் குடித்துவிட்டு, எல்லையைத் தாண்டிப் போய் ரொட்டியை ஸ்லோவேனிய மொழியில் வாங்கி வருவார்கள். நடுவில் பேச்சு மாறியது என்பதே அவர்கள் மண்டையில் ஏறாது. நேதாவும் அந்த ரகம்தான். தன் முதல் படத்துக்கு உதவி கேட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு திரைப்பட வாரியத்துக்கும் இந்தப் பக்கம் ஒரு வாரியத்துக்கும் எழுதினாள். இரண்டும் சரியென்றன. மணப்பெண் சம்மதம் சொல்லும் சொல் இத்தாலிய மொழியில் இருக்க வேண்டும் என்றது ஓர் ஒப்பந்தம். ஸ்லோவேனிய மொழியில் இருக்க வேண்டும் என்றது மற்றது. இரண்டையும் ஒரே மூச்சில் படித்தாள். ஒன்றையே இரண்டு முறை படித்ததுபோலத்தான் இருந்தது அவளுக்கு. சந்தோஷமாக இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள்.

அது வெளிப்பட்டது கல்யாணக் காட்சி எடுக்கும் நாளன்று. இரண்டு வாரியங்களின் பிரதிநிதிகளும் பார்வையிட வந்து, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பேச்சுவாக்கில் தத்தம் நிபந்தனையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இத்தாலியத் தரப்பில் ஒத்தாவியோ, வெள்ளைக் கால்சட்டைக்காரர். ஸ்லோவேனியத் தரப்பில் போகொமிலா அம்மாள், நெட்டுக்குத்தலாக உட்காருகிறவர்.

படத்தின் கதை இவ்வளவுதான்: போர் முடிந்து, வரைபடக்காரர்கள் ஒரு வீட்டின் முற்றத்துக்கு நடுவே சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டுப் போகிறார்கள். தேவாலயம் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்கிறது. ஆகவே பாதிரியார் முற்றத்துக்கே வந்து, பெண்ணைக் கோட்டுக்கு ஒரு பக்கமும் மாப்பிள்ளையை மறுபக்கமும் நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கிறார். நேதா எழுதிய திரைக்கதையில் அந்த இடத்தில் “அவள் சம்மதிக்கிறாள்” என்று மட்டும்தான் இருந்தது. எந்த மொழியில் என்று அவள் யோசித்ததே இல்லை.

“பொண்ணு நிக்கிற இடத்தப் பாருங்கம்மா. கோட்டுக்கு எங்க பக்கம்” என்றார் ஒத்தாவியோ.

“அது செருப்பு நிக்கிற இடம், ஐயா. நாக்கு எங்க நிக்குதுன்னு பாருங்க” என்றார் போகொமிலா.

தயாரிப்பாளர் நேதாவின் காதருகே வந்தார். “ரெண்டுல ஒருத்தர் எழுந்து போனாலும் நாளைக்குப் படப்பிடிப்பு கிடையாது, தாயி. இந்தப் படத்துக்காக நீ அலைஞ்ச நாலு வருஷமும் அம்பேல்.”

முதல் தடவை மணப்பெண் இத்தாலிய மொழியில் சம்மதித்தாள். போகொமிலா இருமினார். மறுமுறை ஸ்லோவேனியத்தில் சம்மதித்தாள். ஒத்தாவியோ எழுந்து நின்றார். ரெண்டிலும் சொல்லட்டுமே என்றாள் நேதா. “எது முதல்ல?” என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

“லத்தீன்ல சொல்லிட்டா?” என்றார் ஒளிப்பதிவாளர்.

“யாரு உச்சரிப்புல?” என்றார்கள் பிரதிநிதிகள் இருவரும்.

மணப்பெண்ணாக நடித்த லீவே, பெல்ஜியத்தில் கென்ட் நகரத்துக்காரி. இரண்டு மொழியும் தெரியாது; காதால் கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள். “நான் எந்த ஊருப் பொண்ணுன்னு யாராச்சும் முடிவு பண்ணுங்கப்பா. அதுவரைக்கும் எனக்குக் கல்யாணமே வேண்டாம்” என்று ஆங்கிலத்தில் சொல்லி, முக்காட்டைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

இதற்கிடையில் பந்தி கட்டுமீறிக்கொண்டிருந்தது. விருந்தாளிகளாக உட்கார்ந்திருந்தவர்கள் இரு பக்கத்து ஊர்க்காரர்கள். கலைப் பிரிவினர் ஜாடிகளில் திராட்சைச் சாறு ஊற்றி வைத்திருந்தார்கள். கல்யாணத்தில் சாறா? அவமானம் தாங்காமல் ஆளுக்கொரு புட்டி வீட்டிலிருந்து கொண்டுவந்து, ஜாடியைச் செடிக்குக் கவிழ்த்துவிட்டு உண்மையான ஒயினை ஊற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு முறை காட்சியை எடுத்தபோதும் ஒரு மிடறு. காட்சிக்காக வைத்திருந்த உப்பிட்ட பன்றித் தொடையும் போன இடம் தெரியவில்லை. அக்கார்டியன்காரர் நாற்காலியோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவை!” என்று கத்தினாள் நேதா. சூரியன் கூரைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியிருந்தது. “ஸ்தாங்கோ அண்ணே, நீங்க கேளுங்க. அவ என்ன சொல்றாளோ சொல்லட்டும்.”

பாதிரியாராக நடித்த ஸ்தாங்கோ, நிஜத்தில் ஊரில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர். கேமரா ஓடியது. அவர் வாயைத் திறந்தார். கேள்வியை எந்த மொழியில் கேட்பது என்று அப்போதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. ஒத்தாவியோவைப் பார்த்தார். போகொமிலாவைப் பார்த்தார். பெண் அவரைப் பார்த்தாள். பச்சை விளக்கு விழுந்தும் வண்டியை நகர்த்தாத மாணவியைக் கண்டால் ஸ்தாங்கோவுக்கு என்ன வருமோ, அது வந்துவிட்டது.

“போம்மா, போ! பின்னால எத்தன பேரு நிக்கிறாங்க!”

பந்தியில் பாதிப்பேர் அவரிடம் கார் ஓட்டக் கற்றவர்கள். அந்தக் குரலைக் கேட்டதும் வெடித்துச் சிரித்தார்கள்; ஒருவர் பெஞ்சோடு பின்னால் சாய்ந்து விழுந்தார். ஒரு சொல்லும் புரியாத லீவேவுக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே பாவாடையை முழங்காலுக்குத் தூக்கி, சுண்ணாம்புக் கோட்டை ஒரே தாவாகத் தாவி, மாப்பிள்ளையின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து முத்தம் கொடுத்தாள். கோப்பைகள் மோதின. தொப்பிகள் பறந்தன.

நேதா வெகுநேரம் ‘கட்’ சொல்லவில்லை. சொன்ன கையோடு அறிவித்தாள். “இதுதான். இனிமே எடுக்க மாட்டேன்.”

“அவ ஒண்ணும் சொல்லலியே!” என்று பிரதிநிதிகள் இருவரும் பாய்ந்து வந்தார்கள்.

“சம்மதிச்சாளா, இல்லையா?”

“சம்மதிச்சா. ஆனா...”

“நான் எழுதினது அவ்வளவுதான். வேணும்னா ரெண்டு ஒப்பந்தத்தையும் கிழிச்சுப் போட்டுட்டுப் போங்க. அவ வாயில வேற வார்த்தை திணிக்க மாட்டேன்.”

தயாரிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒத்தாவியோ திரும்பத் திரும்பக் கேமராவின் சின்னத் திரையில் அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தார். “ஒரு வார்த்தை பேசாம, கையாலயே எல்லாத்தையும் சொல்லிட்டா பாருங்க” என்றார் மெல்ல. “இது எங்க பொண்ணேதான். அப்படியே எழுதி அனுப்பிடறேன்.”

“யாருகிட்டயும் கேக்காம கோட்டைத் தாண்டினாளே,” என்று போகொமிலா மூக்கை உறிஞ்சினார், “அந்தத் துணிச்சல் வேற யாருக்கு வரும்? எங்க பொண்ணு.”

“என்னது? இது கென்ட்ல எங்க அக்கா கல்யாணத்துல நான் சிரிச்ச சிரிப்பு!” என்றாள், யாரோ ஆங்கிலத்தில் சொல்லக் கேட்ட லீவே. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நேதா தரையிலேயே உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரின் கோப்பையைப் பிடுங்கிக் குடித்தாள். படம் பிழைத்துவிட்டது. அப்போது ஒரு கை உயர்ந்தது. கழுத்து வரை உதட்டுச் சாயத்தோடு மாப்பிள்ளை.

“என்னை யாருமே கேக்கலியே?”

பிரதிநிதிகள் இருவரும் அவசரமாக ஒப்பந்தத்தைப் புரட்டினார்கள். மாப்பிள்ளையைப் பற்றி இரண்டிலும் ஒரு வரி கிடையாது.

“உங்க இஷ்டப்படி சொல்லுங்க, ராஜா” என்றாள் நேதா.

அவர் யோசித்தார், இன்னும் யோசித்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கார்டியன் தொடங்கிவிட்டது.