தலைகீழாக மாதங்கள்

சட்டன் நகர ரக்பி லீக் அணியில், தலையில் அடிபட்டால் பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, புதிய சீசனுக்கு முன் ஆட்டக்காரர்களின் ஞாபகத்தைச் சோதிப்பவள் டாக்டர் கஜந்தினி. மாதங்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். அணியின் நட்சத்திரம் யனுஷன் செப்டம்பரிலேயே தடுமாறினான்.

“நடியாதை! இப்ப குறைச்சு எடுத்தா, பிறகு தலையில அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாது எண்டுதானே? இந்த மார்க்கோட உன்னை விளையாட விடமாட்டன்.”

“பிடிச்சிட்டியள் அக்கா!” என்று சிரித்தான். “சரி, ஒழுங்காச் சொல்லுறன்.”

டிசம்பர், நவம்பர் என்று வேகமாக வந்தவன் ஆகஸ்டில் நின்றான். வெளியே பயிற்சியாளரின் விசில் அலறியது. மீண்டும் தொடங்கினான். மீண்டும் ஆகஸ்டில் நின்றான்.

சிரிப்பு மறைந்தது. “அக்கா... இப்ப நான் நடிக்கேல்லை.”

கஜந்தினி பேனாவைக் கீழே வைத்தாள். “தலையில எப்ப அடிபட்டது?”

“எந்த அடியைக் கேக்கிறியள்?”