எதிர்ப்பக்க நடைபாதை

ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வரலாறு என்பது இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் வருகிற இடைவேளை. குடைக்காரிக்கு இது நன்றாகவே தெரியும். அந்நியர் ஆண்ட காலத்துப் பழைய தெருக்களில், சுண்ணாம்புச் சுவர்களுக்கும் ஆளுயரச் சன்னல்களுக்கும் நடுவே, சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்து ஆட்களை அழைத்துப் போவது அவள் பிழைப்பு. ஆளுநர் மாளிகை வாசலில் தொண்டை வறளக் கதை சொல்லி முடித்து, "ஏதாவது கேட்கணுமா?" என்றால், "எங்கம்மா சாப்பாடு?" என்றுதான் முதல் கேள்வி வரும்.

அன்றைக்குக் கேட்டவர் ஓய்வுபெற்ற நீதிபதி. முழங்கால் வலிக்காரர்.

"மஞ்சள் வீட்டுல ஏற்பாடு பண்ணியிருக்கு சார். இந்தத் தெருக் கோடிதான்" என்றாள். அவள் கால்களும் வீங்கிச் செருப்பு வார் சதையில் பதிந்துகிடந்தது. இந்தத் தெருவுக்குக் கல் பதித்த மகராசன் ஒரு நாளாவது இதில் நடந்து பார்த்திருப்பானா என்று தினமும் ஒருமுறை அவனைத் திட்டுவாள். அன்று திட்டவும் தெம்பில்லை.

அந்தத் தெருவில் வழிகாட்டிகளுக்கும் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தக் கடைக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறார்களோ அந்தப் பக்கத்து நடைபாதையில்தான் குடையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். மற்றக் கடைகளைக் கடக்கும்போது எதிர்ப்பக்கம் போய்விட வேண்டும்; முடியாவிட்டால் குடையையாவது இறக்கிக்கொள்ள வேண்டும். குடை தன் பக்கமாக வருவதைக் கண்டதுமே கடைக்காரன் தட்டுகளை அடுக்க ஆரம்பித்துவிடுவான். அவனை வீணாக ஆசைப்பட வைப்பது பாவமில்லையா?

தெருவின் இடப்பக்கம் நடுவில் அவள் அண்ணன் கடை. வலப்பக்கக் கோடியில் மஞ்சள் வீடு என்கிற சாப்பாட்டுக் கடை. மூன்று வருடமாக அவள் வலப்பக்கமே நடந்துகொண்டிருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் அவள் கூட்டிப்போன ஆட்கள் அண்ணன் கடையில் சாப்பிட்டுவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார்கள். அவளை வேலைக்கு வைத்திருந்த சுற்றுலாக் கம்பெனியில் விசாரித்தார்கள். சாப்பாடு நன்றாக இல்லை என்று அவளும் சொன்னாள். உண்மையைத்தான் சொன்னாள். மறுநாளிலிருந்து அண்ணன் கடைக்கு ஆட்களை அனுப்புவது நின்றது. கூடப் பிறந்தவளே குழி பறித்துவிட்டாள் என்று அவன் பேச்சை நிறுத்தினான். அவளும் வீம்புக்கு வாயைத் திறக்கவில்லை.

அன்று பார்த்து வலப்பக்க நடைபாதையைக் குழாய் போடத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நீதிபதியின் முழங்காலை வைத்துக்கொண்டு மண்மேட்டில் ஏற முடியுமா? இடப்பக்கமே போனாள். கடையை நெருங்கும்போது தலையைக் குனிந்துகொண்டாள். குடையை இறக்க மட்டும் மறந்துவிட்டாள். பழகிய கை, தானாகத் தூக்கியபடியே நின்றது.

தட்டுகளின் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தாள். சன்னல் வழியே எல்லாம் தெரிந்தது. அண்ணன் மேசைகளை இழுத்து ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டிருந்தான். வாசலுக்கு ஓடிவந்த அண்ணி, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வாய் நிறையச் சிரித்தாள்.

"இங்கேயே சாப்பிட்டுடலாமே" என்றார் நீதிபதி, ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றுகொண்டு.

ஒரு கணம் அவளுக்கும் ஆசைதான். ஆனால் மஞ்சள் வீட்டில் அத்தனை பேருக்கும் சமைத்து வைத்திருப்பார்கள். அதைவிட, இவர்கள் இங்கே உட்கார்ந்து மறுபடி முகத்தைச் சுளித்தால் அண்ணன் தாங்கமாட்டான்.

"அங்கே சொல்லியாச்சு சார்" என்று குடையை இறக்கி நடந்தாள். அண்ணியின் முகத்தைத் திரும்பிப் பார்க்க அவளுக்கு நெஞ்சுத் துணிவு இல்லை.

மஞ்சள் வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்தாள். வழிகாட்டிகளுக்கு அடுக்களையில் தனியாக ஒரு தட்டு உண்டு. சமையல்காரர் அதை நீட்டினார்.

"இன்னிக்கு வேண்டாம். அவங்க சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லி, வந்த வழியே நொண்டிக்கொண்டு திரும்பினாள்.

அண்ணன் கடையில் நீள மேசை நிறையத் தட்டுகள் அப்படியே இருந்தன. எடுத்து வைக்கக்கூட மனசு வராமல் அவன் கல்லாப்பக்கம் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள் அண்ணி.

"அவங்கல்லாம்?"

"வரல அண்ணி. அந்தப் பக்கம் தோண்டிப் போட்டிருக்கு, அதான் இப்படி வந்தேன். குடையை இறக்க மறந்துட்டேன். தப்பு என் மேலதான்." பிறகு அண்ணனைப் பார்த்தாள். "நான் மட்டும்தான். சாப்பாடு இருக்கா?"

அவன் எழுந்தான். உள்ளே போய்ச் சூப்பும் மீனும் கொண்டுவந்து வைத்தான். அத்தனை தட்டுகளுக்கு நடுவில் அவள் ஒருத்தியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். அண்ணன் தோளில் துண்டோடு பக்கத்திலேயே நின்றான்.

"எப்படி இருக்கு?"

மூன்று வருடம் கழித்து அண்ணன் பேசிய முதல் பேச்சு. நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

"உப்பு கூட. மீன் நடுவுல வேகல."

அண்ணி அடுக்களை வாசலில் அசையாமல் நின்றாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமாண்ணே."

அவன் எதிரே இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். கிழவனாகிவிட்டான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இதை அன்னிக்கு என்கிட்ட சொல்லியிருக்கலாமே பாப்பா. நேரா கம்பெனிக்காரங்ககிட்டப் போய்ச் சொன்னியே."

தலை நரைத்த அவளை இந்த உலகத்தில் பாப்பா என்று கூப்பிட அவன் ஒருவன்தான் மிச்சம். ஏன் பொய் சொன்னாய், ஏன் காட்டிக் கொடுத்தாய் என்று கேட்டால் சொல்வதற்கு மூன்று வருடமாகப் பதில்களைத் தயாரித்து வைத்திருந்தாள். இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவே இல்லை.

"நீ கோவிச்சுக்குவேன்னு பயந்தேன்" என்றாள்.

"கோவிச்சிட்டுத்தான் இருந்திருப்பேன்" என்றான் அண்ணன். "ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டு இருந்திருப்பேன். அப்புறம் உப்பைக் குறைச்சிருப்பேன்."