பங்கு போட்ட துக்கம்

சோலைப்பாறை தேயிலை எஸ்டேட்டின் மேல் லயத்தில், அந்த ஒற்றை வரிசைக் கூலி வீடுகளில், ஒருவருக்கு வலித்தால் எல்லாருக்கும் வலிக்கும். எழுபத்து நான்காம் வருஷத்து வேலைநிறுத்தத்தில் தொடங்கியது இது. லயத்துக் கூரை ஒழுகக் கூடாது, அவ்வளவுதான் கோரிக்கை. கம்பெனி அதற்கே கையை விரித்துவிட்டது. யூனியன் செயலாளர் செல்லத்துரை எல்லாரையும் களத்தில் நிற்க வைத்து, "ஒருத்தருக்கு வலிச்சா எல்லாருக்கும் வலிக்கும்" என்று சத்தியம் வாங்கினான். இதே வாசகத்தை அந்த நாளில் தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டுகளில் எல்லாம் சொன்னார்கள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அவரவர் கஞ்சியை அவரவர் குடித்தார்கள். மேல் லயத்தில் மட்டும் பலித்துவிட்டது. மறுநாளே நல்லமுத்துவின் கடைவாய்ப் பல்வலி ஆளுக்கு ஒரு சுருக்காகப் பிரிந்து போயிற்று. அவன் வறுத்த கடலையைக் கடித்துத் தின்றான். கொழுந்து பறித்துப் பறித்துப் பெண்களுக்கு ஏறியிருந்த இடுப்புவலி ஆண்களுக்கும் வந்தபோது, "இத வச்சுக்கிட்டா இத்தனை நாளும் சும்மா இருந்திய?" என்று சில பேர் வாயைப் பிளந்தார்கள். எங்கே சும்மா இருந்தார்கள்? தொண்டை கிழியச் சொன்னார்கள். இந்த மகராசன்களின் காதில் ஏறவில்லை.

நல்லமுத்துவின் மனைவி சாந்தம்மாளுக்கும் முதலில் இது பிடித்துத்தான் இருந்தது. அவள் முதுகு பல வருஷம் கழித்து லேசானது. அவர்களுக்கு ஒரே மகள், சந்தனம், நாலு வயசு. வேலைநிறுத்தம் நீண்டுகொண்டே போனதும் எஸ்டேட் மேனேஜர் துரை டிஸ்பென்சரியைப் பூட்டினார், லாரியை ஷெட்டில் ஏற்றினார், கம்பவுண்டரை ஊருக்கு அனுப்பினார். நல்ல மனுஷன், பட்டினியோடு காய்ச்சலையும் கூலிக்கு அமர்த்திக்கொண்டார். அடைமழையில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. ஆனால் பிள்ளை அழவில்லை. அவளுடைய தலைவலி லயம் முழுக்கப் பிரிந்து போய்விட்டதே, எப்படி அழுவாள்? தகர மூடியைத் தட்டிக்கொண்டு விளையாடினாள், இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்டாள். சாந்தம்மாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சுட்டது. அவள் நெற்றியும் சுட்டது, பக்கத்து வீட்டு சிசிலியின் நெற்றியும் சுட்டது. எல்லாரும் தலையைத் தடவிக்கொண்டு "யாருக்கோ காய்ச்சல்" என்றார்கள். யாருக்கு என்று ஒருத்தர் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் அத்தனை பேருக்கும் தலைவலி ஒரே நொடியில் விட்டது. அப்பாடா என்று எழுந்து முகம் கழுவினார்கள். சாந்தம்மாளும் முகம் கழுவினாள். கழுவிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தாள்.

பிள்ளையைத் தேயிலைக்கு நடுவே புதைத்துவிட்டு வந்த மறுநாள் காலையில் சாந்தம்மாளுக்குப் பசித்தது. சிசிலி கொண்டுவந்த கஞ்சியைக் குடித்தாள். இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டியவள், நீட்டிய கையைப் பார்த்துத் திடுக்கிட்டாள். நெஞ்சில் கை வைத்துத் தேடினாள். ஒரு முள் குத்தின அளவுக்கு ஏதோ இருந்தது, அவ்வளவுதான். வெளியே எட்டிப் பார்த்தால் லயமே அழுதுகொண்டிருந்தது. அவளோடு வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை போட்டவள் அழுதாள். சந்தனத்தின் பெயர்கூடத் தெரியாத கிழவன் அழுதான். ஆளுக்குக் கொஞ்சம், சமமாக. சாந்தம்மாளுக்கு வயிறு எரிந்தது. பெற்றவளுக்கும் அதே பங்கா? அடிப் பாவிகளா!

அன்று சாயங்காலம் கூட்டத்தில் செல்லத்துரை, கண்ணீர் வழிய, "சந்தனம் நம்ம எல்லாருக்கும் பிள்ள" என்று பேசினான். உண்மையாகத்தான் அழுதான், அதில் குற்றம் சொல்ல முடியாது. சாந்தம்மாள் எழுந்தாள்.

"எல்லாருக்கும் பிள்ளைன்னா, எல்லாருக்கும் நெத்தி சுட்டுதே, யாருக்குன்னு ஏன் ஒருத்தரும் கேக்கல? வலியப் பங்கு போட்டு வாங்கிக்கிட்டிய. சாவ வாங்குனியளா?"

"என்னையும் சேத்துத்தான் கேக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

விடிந்ததும் கொழுந்துக் கூடையை எடுத்து, அதன் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு சாந்தம்மாள் வாசலில் இறங்கினாள். படியில் உட்கார்ந்திருந்த நல்லமுத்து, "எனக்கும் பிள்ளதானளா" என்று மட்டும் சொன்னான். "ஒங்களது ஒங்ககிட்டயே இருக்கட்டும். மத்தவுககிட்டதான் வாங்கப் போறேன்" என்றாள். முதலில் சிசிலி வீடு. சிசிலி மறுபேச்சுப் பேசாமல் நெஞ்சுக்குழியில் கையை விட்டு எடுத்துக் கூடையில் போட்டாள். பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் கயிறு நெற்றியில் அழுந்தியது. வீடு வீடாக ஏறி இறங்கினாள். சிலர் தலைகுனிந்து கொடுத்தார்கள். சிலர், அழுது அழுது தங்களுக்கும் ஒரு மதிப்பு வந்துவிட்டது என்று நினைத்தவர்கள், இருக்கட்டுமே என்று இழுத்தார்கள். அவர்களை அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டு வாங்கினாள். கடைசியாகச் செல்லத்துரை வாசலுக்கு வந்தபோது கூடையின் கனத்தில் அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"இது ஒங்களுக்கு மட்டும் உள்ளதில்ல மதினி" என்றான் செல்லத்துரை. "இத வச்சுத்தான் கம்பெனிய அடிக்கணும். தனித்தனியா அழுதா துரை சிரிப்பான். ஒருத்தி தாங்க முடியாதத எல்லாரும் சேந்து தாங்குதோம், அது தப்பா?"

"எங்கிட்டக் கேட்டியா தம்பி?"

அவன் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தான்.

"கோவத்த நீயே வச்சுக்கோ. அது எல்லாருக்கும் உள்ளது, எனக்கும் சேத்து வச்சுக்கோ. டிஸ்பென்சரியப் பூட்டுனவன் உசிரோடதான் இருக்கான். என் துக்கத்தக் குடு."

செல்லத்துரை நெஞ்சுக்குழியில் கையை விட்டு எடுத்துக் கொடுத்தான். கொடுத்த உடனே அவன் கண் காய்ந்து சிவந்தது. சாந்தம்மாள் வீட்டுக்குள் போய்க் கூடையை இறக்கிக் கதவைச் சாத்தினாள். அப்புறம் கேட்ட சத்தத்தை எழுத எனக்குத் தைரியமில்லை. கீழ் லயம்வரை கேட்டது. மேல் லயத்துக்காரர்கள் வாசலில், நெஞ்சில் ஒரு பொட்டு வலி இல்லாமல், கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு நின்றார்கள். நிற்க முடியாமல்தான் கடப்பாரையோடு கிளம்பினார்கள்.

டிஸ்பென்சரிப் பூட்டை உடைத்தார்கள். போலீஸ் வந்து செல்லத்துரையைப் பிடித்துக்கொண்டு போயிற்று. ஸ்டேஷனில் அவன்மேல் விழுந்த அடி லயம் முழுக்கப் பிரிந்து வந்தது. எல்லாரும் முதுகைக் கொடுத்துக்கொண்டு கம்பெனியின் தேவிகுளம் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். அடிக்கிறவனுக்குக் கை வலித்ததே தவிர, செல்லத்துரை கன்னம்கூடச் சிவக்கவில்லை. கம்பெனி டிஸ்பென்சரியைத் திறந்தது, கம்பவுண்டர் திரும்பி வந்தார். கூரை இன்றைக்கும் ஒழுகுகிறது.

இப்போதும் அங்கே தலை விண்ணென்றால் யாரும் தைலம் தேட மாட்டார்கள். வெளியே வந்து "யாருக்கு?" என்று கத்துவார்கள், ஆள் கிடைக்கும்வரை கத்துவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதலில் மிரளுவார்கள், பிறகு அவர்களும் கத்துவார்கள். சாந்தம்மாளின் துக்கம் மட்டும் அதன் பிறகு பங்குக்கு வரவில்லை. மழைக்காலத்தில் அவள் அழும்போது பக்கத்து வீடுகளில் யாருக்கும் எதுவும் வலிக்காது. சிசிலி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.