சரிவில்லாத வாய்க்கால்

தோட்டத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று தம்பி சொன்னபோது அக்கா அழுதுவிட்டாள். சந்தோஷத்தில்தான். அப்பா போன பிறகு ரப்பர் தோட்டத்தைப் பிரித்ததில் மேட்டுப் பாதி அவளுக்கும், சாலையை ஒட்டிய கீழ்ப்பாதி தம்பிக்கும் வந்திருந்தது. கணவரும் இல்லை, முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. விடியற்காலையில் மேடேறிப் பால் வெட்டும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

“இந்த முட்டியை வச்சுக்கிட்டு நீ எதுக்குக்கா மேல ஏறிக்கிட்டு? கீழ்ப்பாதியை நீ எடுத்துக்கோ. மேல இருக்கறத நான் பாத்துக்கறேன்” என்றான் தம்பி.

சித்தப்பா சாட்சிக் கையெழுத்துப் போட, பத்திரம் பதிந்தாயிற்று. கூடப்பிறந்தவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் வாய் ஓயாமல் பேசினார்கள். தம்பியும் அந்தப் புகழை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தாமல் வாங்கிக்கொண்டான்.

அவன் பாசம் அதோடு நிற்கவில்லை. பத்திரம் பதிவதற்கு முன்பே, இரண்டு பாதிக்கும் நடுவில் ஆள் விட்டு நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தான். மேட்டில் பெய்கிற மழைத் தண்ணீர் அக்காவின் மரங்களுக்கடியில் வந்து தேங்கக் கூடாதாம். வெட்டிய மண்ணைக்கூட அவள் பக்கம் போட விடவில்லை. “உனக்கு எதுக்கு அந்த இம்சை? எல்லாத்தையும் நான் எடுத்துக்கறேன்” என்று மேல்பக்கமே குவிக்கச் சொன்னான். நல்ல கறுப்பு மண். மேலே பழைய மரங்களை வெட்டிவிட்டு மகள் பெயரில் புதுக் கன்று வைக்கப் போகிறான், குழிக்கு ஆகும். அந்த ஆட்களுக்கு மூன்று வேளையும் தேநீர் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அக்கா. எல்லாருக்கும் ஒரு கரண்டி சர்க்கரை கூடவே போட்டாள்.

மழை பிடித்து ஓய்ந்த ஒரு நாள் காலையில் அவள் அந்த வாய்க்காலைப் பார்க்கப் போனாள். தண்ணீர் ததும்ப நின்றது. எங்கேயும் போகவில்லை. ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து பார்த்தாள். இரண்டு முனையும் மூடியிருந்தன. சரிவே இல்லை. தண்ணீரை வெளியே விடுவதற்கு வாய்க்கால் வெட்டுகிறவன் இடுப்பளவு ஆழத்துக்குச் சுவர் மாதிரி நேராகவா வெட்டுவான்? இரண்டு பக்கச் சுவரிலும் துண்டுபட்ட வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

நிமிர்ந்து பார்த்தாள். வாய்க்காலை ஒட்டி அவள் பக்கம் நின்ற வரிசையில், தோட்டம் முழுக்கப் பச்சைப்பசேலென்று இருக்கிற அந்த மழைக்காலத்தில், இலைகள் மஞ்சளடித்துத் தொங்கின. இரண்டு மரங்கள் பருவமில்லாத பருவத்தில் பூத்திருந்தன. சாகப் போகிற மரம்தான் அப்படி அவசரப்பட்டுப் பூக்கும்.

அப்பா இருந்த காலத்தில் ஒருமுறை இந்த வெள்ளை வேர்நோய் வந்தது. பூசண நோய். மண்ணுக்கடியில், ஒரு மரத்தின் வேர் அடுத்த மரத்தின் வேரை உரசும் இடத்தில் தாண்டிக்கொண்டே போகும். மரத்தைச் சுற்றிச் சருகைக் குவித்துச் சில வாரம் விட்டால், சருகின் ஈரத்துக்கு வெள்ளை இழைகள் மேலே ஏறி வந்து முகம் காட்டும் என்று அப்போது மரங்களைப் பார்க்க வந்த அதிகாரி செய்து காட்டினார். நோய் பரவாமல் இருக்க ஆழமாகப் பள்ளம் வெட்டி வேர்களைத் துண்டிக்கவும் அவர்தான் சொன்னார். அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கேட்டார்கள்.

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு மரத்தடியில் குந்தினாள். அங்கே ஏற்கெனவே சருகு குவிந்திருந்தது. காற்று கொண்டுவந்த சருகு ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கும். இது மரத்தைச் சுற்றி வட்டமாக, கையால் வைத்த சருகு. அடிச்சருகு மக்கி மண்ணாகியிருந்தது. பத்திரத்துக்கு வெகு முன்பே வைத்தது. விலக்கினாள். வேரோடு வேராக ஒட்டிக்கொண்டு பட்டையான வெள்ளை இழைகள். அடுத்த மரத்திலும் சருகு, அதற்கடுத்த மரத்திலும் சருகு.

பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, திரும்பவும் மூடி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து, அக்கா உன் முட்டி வலிக்குமே என்றிருக்கிறான். நோயை அவள் தலையில் கட்டிவிட்டு, தான் தப்பிக்கப் பள்ளமும் வெட்டிக்கொண்டான். அதற்கு அவளே சர்க்கரை கூடப் போட்டுத் தேநீர் கொடுத்திருக்கிறாள். மரங்கள் போவதைவிட அந்தத் தேநீர்தான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்று மேடேறினாள். அன்றைக்கு வலி தெரியவில்லை.

மேலே கன்று நடும் வேலை நடந்துகொண்டிருந்தது. தம்பி, தம்பி மனைவி, கூலிக்கு வந்த ஆட்கள், நாற்காலி போட்டு மேற்பார்வை என்ற பெயரில் உட்கார்ந்திருந்த சித்தப்பா. வாய்க்காலில் வெட்டிய மண்ணைக் கூடை கூடையாக அள்ளிக் குழிகளில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்த மண் குவியலருகே நின்றுவிட்டாள். மண்ணோடு மண்ணாகத் துண்டு துண்டாக வேர்கள். ஒன்றை எடுத்துத் துடைத்தாள். வெள்ளை இழை.

வேர் வேரை உரசித்தான் நோய் போகும் என்பதை நினைவு வைத்திருந்தவன், வெட்டுப்பட்ட வேர்த்துண்டுக்குள்ளும் அது உயிரோடு இருக்கும் என்பதைக் கோட்டைவிட்டிருந்தான். நன்றாக வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டே வருடம், அத்தனை கன்றும் நின்ற இடத்திலேயே காயும். வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போனால் போதும். ஆனால் அது தம்பி மகளின் தோட்டம். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேரே அத்தை வீட்டுக்கு வருகிறவள் அவள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“தம்பி, இந்த மண்ணைப் போடாத. இதுல நோய் இருக்கு.”

“என்ன நோய்?” என்றான். ஆட்கள் கூடையை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள்.

அவள் வேர்த்துண்டை நீட்டினாள். அவன் பார்த்த ஒரு கணத்தில் அவன் முகத்தில் ஈயாடவில்லை. புரிந்துவிட்டது அவனுக்கு. மண், குழி, மகளின் கன்றுகள், எல்லாம் புரிந்துவிட்டது.

“வெள்ளை வேர்நோய். நம்ம ரெண்டு பேருக்கும் தெரியாததா? பத்திரத்தை நான் திருப்பிக் கேக்கல. கீழ நோய் இருந்துச்சுன்னு உன் வாயால ஒரு வார்த்தை சொல்லு, போதும். மண்ணை எடுத்து வெளிய கொட்டிடலாம். நானும் கூட நின்னு அள்ளறேன்.”

“நோய் இருக்குன்னு தெரிஞ்சா உனக்குக் குடுத்தான்?” என்று சித்தப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். “சாட்சி போட்டவன் நான். என்னையும் சேத்துல்ல சொல்ற?”

“நல்ல மனசோட விட்டுக் குடுத்தாரு. அதுக்கு இதுவா அண்ணி மரியாதை?” என்றாள் தம்பி மனைவி. அவள் குரல் உண்மையாகவே உடைந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். சொல்லிவிடுவான் என்று அந்த நேரத்திலும் நம்பினாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஊர் சிரிக்கும், நாலு நாள் பேசும், பிறகு மறந்துவிடும். கன்றுகள் பிழைக்கும்.

“மழைன்னா பூசணம் பூக்கத்தான்க்கா செய்யும். பழைய கட்டையில எல்லாம் இருக்கும்” என்றான் தம்பி. “நீ வெயில்ல நிக்காத. வீட்டுக்குப் போ.”

பிறகு, ஆட்கள் தயங்குவதைக் கண்டு, தானே கூடையை எடுத்தான். அந்தக் குவியலிலிருந்தே அள்ளி, வேர்த்துண்டுகளோடு குழியில் கொட்டினான். மகளின் கன்றை அதில் வைத்து, சுற்றிலும் காலால் மிதித்து இறுக்கினான். நோய் இல்லாத மண்ணை எப்படி மிதிப்பார்களோ அப்படியே மிதித்தான்.

“அடுத்த கன்னைக் குடு” என்றான், யார் முகத்தையும் பார்க்காமல்.