பாஸ் சொல்ல இடம் வைத்த கேள்வி

கிளப் மாடியில் பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டியின் இறுதிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. பல் டாக்டரான அவளுக்கு மட்டும் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மடியில் இருந்த கைப்பைக்குள் போன் மறுபடி அதிர்ந்தது. வீட்டுத் தரகர்தான். குடிபோகப்போகும் ஊரில் இரண்டு வீடு காட்டியிருந்தார். ஒன்றில் இரண்டு படுக்கையறை, இன்னொன்றில் மூன்று. எது வேண்டும் என்று மாலைக்குள் சொல்லாவிட்டால் இரண்டுமே கைநழுவிவிடும் என்று காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்.

அந்த மூன்றாவது அறை யாருக்கோ அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிச் சீட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். அவளுடைய மாமியார். தொலைபேசி இணைப்பகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மருமகள் கற்றுக்கொடுத்துத்தான் பிரிட்ஜ் ஆட வந்தார். இப்போது கற்றுக்கொடுத்தவளுக்கே குற்றம் கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். மாமியாரும் மருமகளும் ஒரே கட்சியில் இருக்கும் அதிசயத்தைப் பார்ப்பதற்கென்றே அந்த மேசையைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள்.

கணவனுக்கு மாற்றல் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவும் கூட வருவாரா என்று நீயே கேள், நீ கேட்டால்தான் ஒழுங்காகப் பதில் வரும் என்று சொல்லிவிட்டு அவன் நைசாகக் கழன்றுகொண்டான். அவளும் கேட்டாள், அவள் பாணியில். அங்கே வெயில் அவ்வளவாக இல்லையாம் என்றாள். அங்கேயும் ஒரு பிரிட்ஜ் கிளப் இருக்கிறதாம் என்றாள். ஒவ்வொன்றுக்கும் மாமியார், "அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையைப் புரட்டினார். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லி அதட்டிப் பல்லைப் பிடுங்குகிறவளுக்கு, சொந்த மாமியாரின் வாயைப் பிடுங்கத் தெரியவில்லை.

மேசையில் கடைசி ஆட்டம். எதிர்க்கட்சி வக்கீலும் அவருடைய மச்சானும். மாமியார் முதலில் ஒரு ஹார்ட் கேட்டார். வக்கீல் பாஸ் வைத்தார், அதாவது ஏலம் கேட்காமல் விட்டார். இனி இவள் முறை. பிரிட்ஜில் வாய் பேசக் கூடாது, கையில் என்ன இருக்கிறது என்பதை ஏல அட்டைதான் சொல்ல வேண்டும். இவள் கையில் நல்ல சீட்டு. நாலு ஹார்ட் வரை தானே போயிருக்கலாம், அதாவது பதின்மூன்று பிடியில் பத்தை எடுப்போம் என்ற சவால். இல்லையென்றால் இரண்டு கிளாவர் என்று வேறு இனம் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் கூட்டாளி பாஸ் வைக்கவே கூடாது, பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அவள் மூன்று ஹார்ட் அட்டையை எடுத்து வைத்தாள். அதற்கு அர்த்தம் வேறு. உங்களிடம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நாலுக்குப் போங்கள், இல்லையென்றால் இதோடு விட்டுவிடலாம் என்கிற அழைப்பு. மாமியார் தன் சீட்டை ஒரு தடவை பார்த்தார். கூடுதலாக ஒன்றும் இல்லை. பாஸ் வைத்தார்.

ஆடியபோது சுளையாகப் பத்துப் பிடி விழுந்தது. ஆனால் ஏலத்தில் கேட்டு எடுத்தால்தான் பெரிய புள்ளி; நாலு கேட்டிருந்தால் கோப்பை இவர்களுடையது. வக்கீல் எழுந்து நின்று மச்சானுக்குக் கை கொடுத்தார்.

மாமியார் விறுவிறுவென்று படியிறங்கினார். தெருவுக்கு வந்து, சாவி வெட்டும் கடையைத் தாண்டியதும்தான் ஆரம்பித்தார்.

"வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு யாராவது நெய்க்கு அலைவாங்களா? அவ்வளவு சீட்டு இருந்தும் எதுக்கு என்கிட்ட கேட்ட?"

"நாலு கேட்டுட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமோன்னு நினைச்சேன் அத்தை."

"ஆடப்போறது நான். கஷ்டம் என் பாடு. வீட்டு விஷயத்துலயும் இதையேதான் பண்ற. வெயில் இல்லையாம், கிளப் இருக்காம். பாஸ் சொல்றதுக்கு இடம் வச்சே கேக்குற. நானும் பாஸ் சொல்லிட்டு உக்காந்திருக்கேன்."

அவளுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. மாமியாரைச் சிரமப்படுத்தக் கூடாது என்றுதான் சுற்றி வளைத்ததாக இத்தனை நாள் நம்பியிருந்தாள். அது முழுப் பொய். ஒரு சமையலறையாவது தன் இஷ்டத்துக்கு இருக்க வேண்டும், இரவு எத்தனை மணிக்கு வந்தாலும் யாரும் கேட்கக் கூடாது என்ற ஆசை அடிமனதில் கிடந்தது. அவராகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பழியும் இல்லை, பாரமும் இல்லை. பாம்பும் சாகணும், கம்பும் உடையக் கூடாது. அதற்காகத்தான் அந்தச் சாமர்த்தியம் எல்லாம். நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அதே சமயம் இந்த மனுஷி இல்லாத வீட்டில், ஆட்டம் முடிந்து வந்து யாரோடு சண்டை போடுவது என்ற ஏக்கமும் வந்தது.

போன் மறுபடி அதிர்ந்தது. எடுக்காமல் வெட்டினாள்.

"அத்தை, நீங்க எங்ககூட வரணும்."

சொன்ன பிறகு பயமாக இருந்தது. தன் முகத்தில் என்ன தெரிகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. கூப்பிடுகிற ஆசையும் தெரியலாம், வந்துவிடுவாரோ என்ற கலக்கமும் தெரியலாம். மாமியார் திரும்பிப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். அவர் திரும்பவில்லை. நேராகத் தெருவைப் பார்த்தபடி நடந்தார்.

"என்னைக் கொஞ்சம் பாத்துட்டுப் பதில் சொல்லுங்க அத்தை," என்றாள் அவளே, தாங்க முடியாமல்.

"பாக்க மாட்டேன். பார்ட்னர் மூஞ்சியைப் பாத்து ஏலம் கேக்கறது ஆட்டத்துலயே தப்பு. நீ வாயால என்ன சொன்னியோ, அதுக்குத்தான் பதில்." இரண்டு எட்டு நடந்து நின்றார். "வரேன்."

அவள் தரகருக்குப் போன் போட்டு மூன்று அறை வீடே வேண்டும் என்று சொன்னாள். சொல்லும்போதே கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. சந்தோஷமா பயமா என்று கேட்டால் இரண்டும்தான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு முடிக்கும்வரை மாமியார் அந்தப் பக்கமே திரும்பாமல், சலவைக் கடைக் கண்ணாடிக்குள் தொங்கிய கோட்டுகளைப் பார்த்தபடி நின்றிருந்தார்.