மூணு சுழி

எங்கள் ஊரில் பழைய ரேசரால் சவரம் செய்துகொண்டால், அதை முன்பு வைத்திருந்தவரின் முகம் சாயங்காலம் வரை வந்துவிடும். பழைய மைப்பேனா, அவர் எழுத நினைத்து எழுதாமல் விட்டதை எழுதும். ஆனால் அந்த முகம் உள்ளவர் பிடித்தால்தான் எழுதும். அதனால் பழம்பொருள் கடைகளில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் வைத்திருப்பார்கள். 'விற்ற முகம் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று சுவரில் எழுதியிருக்கும்.

என் வீட்டுக்காரர் சிவஞானத்தின் ரேசரையும் பேனாவையும் தொலைத்தது நானேதான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தெருவில் வந்த பழைய சாமான்காரரிடம் தகர டப்பாவோடு தூக்கிக் கொடுத்துவிட்டேன். செத்தவர் மேல் அத்தனை கோபம். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

முப்பத்தோரு வருஷம் அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தா' என்பார். கூப்பிடவும் இந்தா, பூப்பொட்டலத்தை நீட்டவும் இந்தா. சரி, கூச்ச சுபாவம் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் காலை கையில் பேனாவோடு அடுப்படியில் வந்து நின்று, "இந்தா, உன் பேர்ல கடைசி எழுத்துக்கு ரெண்டு சுழியா, மூணு சுழியா?" என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டவளின் பேரை எழுதத் தெரியவில்லையே இந்த மனுஷனுக்கு. "தெரிஞ்சவங்களப் போய்க் கேளுங்க" என்றேன். எதற்குக் கேட்கிறீர்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டேன். பத்தொன்பதாவது நாள், முகம் வழித்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார். இடது கன்னம் வழித்திருந்தது. வலது கன்னத்தில் நுரை.

கோபம் ஆறிய பிறகு அவர் கேட்டதே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. சோறு இறங்கவில்லை. எதற்குக் கேட்டார் என்று தெரிந்தாக வேண்டும். கேட்டவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஞாயிறுதோறும், அந்தச் சாமான்காரர் சரக்குப் போடும் பால்ராசுவின் பழம்பொருள் கடைக்குப் போனேன். ரேசர்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். வழித்துப் பார்த்தால்தான் தெரியும். பெண்கள் வந்தால் கடைக்காரரே வழித்துக் காட்டுவது வழக்கம்.

"யாருன்னு பாருங்கக்கா" என்று துண்டால் துடைத்தபடி நிமிர்வார் பால்ராசு.

ஒரு வாரம் பல் நீண்ட முகம் வந்தது. ஒரு வாரம் வந்த முகம் வேறு யாரையோ எதிர்பார்த்து, என்னைக் கண்டதும் வாடிப்போனது. அதற்கு இதுவரை யாரும் வரவில்லையாம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அதனிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

ஏழாவது ஞாயிறு, பால்ராசு இரண்டு கன்னத்தையும் வழித்து முடித்து நிமிர்ந்தார். வலது கன்னத்தில் நுரை இருந்தது. துடைத்தார். மறுபடியும் இருந்தது.

"இவர்தான், தம்பி" என்றேன்.

"நெனச்சேன்க்கா. உங்களப் பாத்ததும் இந்த மூஞ்சி தானா குனியுது."

நாலு கேள்வி கேட்டுத் திட்டுவதாகத்தான் போயிருந்தேன். அழுகைதான் வந்தது. முக்காலியில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். பால்ராசு அதுவரை பேனாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தட்டில் நாற்பது பேனா இருந்தது. ஒவ்வொன்றாகத் தாளில் வைத்துப் பார்த்தார். பதினோராவது, நிப் பிளந்த பச்சைப் பேனா, எழுத ஆரம்பித்தது. அவருடைய சாய்வு எழுத்தேதான்.

'கல் வெட்டுபவருக்கு. வீட்டு வாசலில் பதிக்கும் கல்லில் வெட்ட வேண்டிய பேர்: தாட்சாய'

அங்கே நின்றுவிட்டது. மை இருந்தது. நிப்பு தாளில் ஊன்றியே இருந்தது.

பாவி மனுஷன். வீட்டுக்கு என் பேர் வைக்கத்தான் கேட்டிருக்கிறார். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எழுதி முடித்திருப்பார்.

"அடுத்த எழுத்துக்குக் காத்திருக்குக்கா" என்றார் பால்ராசு.

"மூணு சுழி" என்றேன். அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னேன். "மூணு சுழிங்க."

பேனா ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாகச் சுழித்து, பேரை முடித்து, பக்கத்தில் 'இல்லம்' என்று சேர்த்தது. கன்னத்து நுரை அடங்கி, வழித்தது போலச் சுத்தமாகிவிட்டது. விளக்கு வைக்கும் நேரம் வரை அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். பிறகு அது பால்ராசு ஆகிவிட்டது. தாளை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இந்தா என்று கூப்பிட உள்ளே ஆளில்லை.

அடுத்த வாரம் வாசலில் கல்லைப் பதித்தார்கள். மறுநாள் காலை பதிவுத் தபால் வந்தது.

"தாட்சாயணி" என்று தபால்காரர் வாசலில் நின்று கூப்பிட்டார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள், வீடு "இதோ வர்றேன்" என்று தெருவில் இறங்கிவிட்டது. நான் தோசைக்கரண்டியோடு வெறும் தரையில் வெயிலில் நின்றேன். தபால்காரர் கல்லில் இருந்த பேரையும் உறையில் இருந்த பேரையும் ஒத்துப் பார்த்தார். வீடு மூன்று சுழியும் தப்பாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டது. பிறகு திரும்பி வந்து, என் தலைக்கு மேல் கூரையைப் பழையபடி வைத்துவிட்டு, தபாலை என்னிடம் நீட்டியது.

"இந்தா" என்றது.

வாங்கிக்கொண்டேன்.