அறுபத்தாறு பங்கு

அத்தானும் மச்சினனும் கூட்டாக நடத்தும் துணிக்கடையில் தலைவலி மாத்திரையைக்கூட ஆளுக்குப் பாதியாக உடைத்துத்தான் விழுங்குவார்கள். இன்று பத்து மணிக்கு அவர்களுடைய புதுக் கடை திறப்பு. மணி ஒன்பது, பெயர்ப்பலகை இன்னும் தரையில். அதைச் செய்த போர்டுக்கார அக்காவுக்கு இதுதான் முதல் பெரிய வேலை. பலகை விழுந்தால் தொழிலும் சேர்ந்து விழும்.

பலகை மூன்று மீட்டர், அறுபது கிலோ. அதன் வலது ஓரத்தில், தன் கல்லாவுக்கு நேராக, நாற்பது கிலோ கடிகாரம் ஒன்றைச் சொல்லாமல் கொள்ளாமல் திருகி மாட்டியிருந்தான் மச்சினன். முனைக்கு ஒன்றாக இரண்டு சங்கிலி. ஒவ்வொன்றும் அறுபது கிலோதான் தாங்கும்.

“நூறு கிலோ, ரெண்டு சங்கிலி. ஆளுக்கு அம்பது. ஏத்தும்மா,” என்றார் அத்தான்.

அக்கா சாக்பீஸால் தரையில் கணக்குப் போட்டாள். இடது முனையிலிருந்து ஒன்றரை மீட்டரில் பலகையின் எடை அறுபது: தொண்ணூறு. இரண்டு மீட்டர் எழுபதில் கடிகாரம் நாற்பது: நூற்றெட்டு. இரண்டையும் கூட்டி மூன்றால் வகுத்தாள்.

“வலது பக்கத்துப் பங்கு அறுபத்தாறுங்க. இடது பக்கம் முப்பத்திநாலு.”

மச்சினன் முகம் மலர்ந்தது. “கேட்டீங்களா அத்தான்? வெளியாளே சொல்றாங்க.”

“யார் பங்கைடா பேசுற? உங்கக்காவைக் கூப்பிடட்டுமா?”

“சுமையோட பங்குங்க,” என்றாள் போர்டுக்கார அக்கா. “சங்கிலி அறுந்தா, உங்க கல்லா மேலதான் வந்து உக்காரும்.”

மச்சினன் சட்டென்று கல்லாவை விட்டு நகர்ந்தான். ஆனால் கடிகாரத்தை நடுவில் வைத்தால் கடைப் பெயர் மறையும்; கழற்ற அவனுக்கு மனமில்லை. அவள் மறுபடி குனிந்தாள்.

“கடிகாரம் இருக்கட்டும். இடது சங்கிலிய ஒரு மீட்டர் உள்ள தள்ளிடறேன். இடதுக்கு அம்பத்தொண்ணு, வலதுக்கு நாப்பத்தொம்போது. ரெண்டுமே தாங்கும்.”

இப்போது இடது பக்கத்துக்காரரான அத்தான் மலர்ந்தார். “அம்பத்தொண்ணா? தாராளமா தள்ளும்மா.”

“அதெப்படி?” என்றான் மச்சினன். “இன்னிக்கு ஒரு கிலோ, நாளைக்கு ஒரு கடையே வேணும்பாரு.”

மணி ஒன்பதே முக்கால். அக்கா பெருமூச்சு விட்டு, தள்ளிய சங்கிலியை நாலு சென்டிமீட்டர் திருப்பி நகர்த்தினாள். கணக்கு மிச்சமில்லாமல் ஐம்பதுக்கு ஐம்பது வந்தது. பலகை ஏறியது, ஆடாமல் நின்றது.

கதவைத் திறக்காமல் இருவரும் ஏணியடியில் டேப்பை நீட்டி, அந்த நாலு சென்டிமீட்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.